மரத்துக்கு வேஷம் கட்டின பலகை

வாலே, வா. புது வீடு கட்டப் போறியாமே? மாடியில டெக்கு, தோட்டத்துல பெஞ்சு, முகப்புல மரப்பட்டை, எல்லாம் பிளாஸ்டிக்குல போடப் போறதா உங்க அம்மை சொன்னா. அந்தத் திண்ணையில உக்காரு. நான் இந்த நாற்காலியிலயே இருந்துக்கிடுதேன். என் பேரன் வாங்கிப் போட்டது. தொட்டுப் பாரு, தேக்கு மாதிரி ரேகை ஓடுதா? இப்ப தட்டிப் பாரு. தேக்குச் சத்தமா வருது? 'பொத்'துங்குது. நாப்பது வருசம் உளி பிடிச்ச கையிலே இது. கட்டையைத் தட்டினா சாதகமே எழுதிருவேன்.

கெழவன் பிளாஸ்டிக்கை வையப் போறான்னு நெனைக்காத. வையுததுக்கு எனக்கு யோக்கியதை கிடையாது. இந்த முத்தத்துல நான் செஞ்ச வேப்பம்பெஞ்சு ஒண்ணு கெடந்துச்சு. வேம்பைக் கரையான் தொடாதுன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன் நான். ஒருநா பொண்ணு பாக்க வந்த சம்மந்தக்காரர் அதுல உக்காந்தாரு. அவ்வளவுதான், மனுசன் தரையில கெடக்காரு. பெஞ்சைப் புரட்டிப் பாத்தா காலு முழுக்க மண்ணு. சேகு இல்லாத வெள்ளைக் கட்டையை வச்சிருந்திருக்கேன். முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவ வேண்டிய சோலி, 'அடுத்த மாசம், அடுத்த மாசம்'னு அஞ்சு வருசம் தள்ளிப் போயிருக்கு. சம்மந்தம் எப்படியோ அமைஞ்சிட்டு. பெஞ்சுதான் அடுப்புக்குப் போச்சு.

பிளாஸ்டிக் பலகையில அந்தப் பாடு கெடையாது. கரையானுக்கு அதுல திங்க ஒண்ணுமில்ல. மழையில உளுக்காது. தண்ணி நிக்கிற எடம், மண்ணுல பதியுத காலு, குளிமுறிக் கதவு, இங்கெல்லாம் அது மகராசன்தான்.

ஆனா எதை வாங்குதோம்னு தெரிஞ்சு வாங்கு. ஷாம்பு டப்பா, எண்ணெய்க் கேனு, அதை உருக்கி முழுக் கட்டையா அச்சுல ஊத்துதது ஒரு சாதி. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் பிசைஞ்சு இழுக்கது இன்னொரு சாதி, அதைத்தான் கடைக்காரன் டபிள்யூ.பி.சி.ன்னு சொல்லுதான். 'தாத்தா, இதுல மரமும் இருக்கு'ன்னான். இருக்குலே, அரைச்ச மாவுல அரிசி இருக்க மாதிரி. அந்தத் தூளு உள்ள இருக்கதாலதான் ஈரம் தங்கினா மேல பூசணம் பிடிக்கும். அதை அவன் சொல்லல. நானும் கேக்கல. காப்பி குடுத்தான், குடிச்சிட்டு வந்துட்டேன்.

இப்ப மாடிக் கதைக்கு வருவோம். பேரன் மார்கழி மாசம் டெக்கு போட்டான். வேலைக்கு வந்த பயலுவ கெட்டிக்காரனுவ. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தாளு நுழையாது. செவுத்துல போயி முட்டுத மாதிரி நெருக்கி அடிச்சிட்டுப் போனானுவ. 'பாத்தீங்களா தாத்தா, பினிஷிங்கு!' பாத்தேன். ஒண்ணும் பேசல. சித்திரை வரட்டும்னு இருந்தேன்.

சித்திரை வந்துச்சு. மத்தியானம் 'டப்'புன்னு ஒரு சத்தம். என்னன்னு ஏறிப் பாத்தா, பலகை நடுவுல கூனு விழுந்து நிக்கி, எங்க ஊரு வாய்க்கா பாலம் கணக்கா. ரெண்டு ஸ்க்ரூ பிடுங்கிக்கிட்டு ஓடிருக்கு. பேரன் வெறுங்காலோட ஓடி வந்தான். அந்தக் கருங்காப்பி நெறத்துப் பலகை மேல காலை வச்சான் பாரு, தீமிதித் திருவிழாவுல கூட ஒருத்தனும் அப்படித் துள்ளினதில்ல.

ஏன் கூனு விழுந்துச்சு, சொல்லு பாப்போம்? படிச்சவன்தானே? நான் சொல்லுதேன். மரம் தண்ணியைக் குடிச்சா அகலத்துல வீங்கும். அதான் ஐப்பசி மழைக்குக் கதவு இறுகுது. நீளத்துல அது அசையவே அசையாது. பிளாஸ்டிக்கு நேர் எதிரு. தண்ணியைக் கண்டா சட்டை பண்ணாது, வெயிலைக் குடிச்சா நீளத்துல வளரும். பத்தடி தேக்குப் பலகைக்கு 30 டிகிரி சூடு ஏத்திப் பாரு, அரை மில்லிமீட்டர் கூட நீளாது. அதே பத்தடி முழு பிளாஸ்டிக் கட்டை ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் நீளும். மரத்தூள் கலந்தது அதுல பாதியோ, அதுக்கும் கொறைச்சலோ. விடியக்காலைக்கும் உச்சிக்கும் நடுவுல மொட்டைமாடிப் பலகை 30 டிகிரி ஏறுததெல்லாம் சும்மா. அந்த நீளம் எங்கன போகும்? ரெண்டு பக்கமும் செவுரு. மேலதான் போகும்.

அந்தப் பயலுவ மேல குத்தம் சொல்ல மாட்டேன். மரத்துக்குக் கத்துக்கிட்ட பெருமையை பிளாஸ்டிக்குல காட்டிட்டானுவ. பலகை முனைக்கும் செவுத்துக்கும் எடம் விடணும். பனிக்காலத்துல பூட்டினா கூட விடணும், வெயில்ல பூட்டினா கொறைச்சுக்கலாம். நடுவுல ஒரு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி, மத்த ஓட்டையை எல்லாம் நீளவாட்டுல துளைச்சா பலகை தன்னால ஓடிக்கிடும். பிரிச்சுப் போட்டு நானே திருப்பிப் பூட்டினேன். கூலி கேட்டதுக்குப் பேரன் சிரிக்கான்.

பெஞ்சு சமாச்சாரம் வேற. அதுல வெயிலை விட மாமாக்கள்தான் ஆபத்து. முழு பிளாஸ்டிக் கட்டைக்கு விறைப்பு, தேக்குல சுமாரா பத்துல ஒரு பங்குதான். ஆனா எடையில தேக்கைத் தோக்கடிக்கும். உள்ள நுரை விட்டுச் செஞ்சது வேற, கெட்டியா வார்த்தது தேக்கை விட கனம். கனம் இருக்கு, முதுகெலும்பு இல்ல. நம்ம ஊர்ல சில பெரிய மனுசங்க மாதிரின்னு வச்சுக்கோ. ஆறடிப் பெஞ்சுக்கு ரெண்டே ரெண்டு காலு வச்சு மூணு மாமாக்கள் தினம் சாயங்காலம் அரசியல் பேசினா, ஆறு மாசத்துல அது தொட்டிலு. எந்திரிச்சாலும் பழையபடி நிமிராது. ஒரு அடி, ஒண்ணேகால் அடிக்கு ஒரு தாங்கு குடு. அப்புறம் எத்தனை கட்சி வேணும்னாலும் பேசட்டும்.

தீபாவளிக்கு அது பக்கத்துல சங்குசக்கரம் விடாத. எங்க பிளாஸ்டிக் பெஞ்சு மேல அம்மைத் தழும்பு கெடக்கு, பாத்துக்கோ. மரம்னா இழைப்புளியால ஒரு இழுப்பு இழுத்துச் சரிபண்ணிருவேன். இதுலயும் இழைக்கலாம், ஆனா அந்தச் சுருளை என்ன செய்ய? எங்க காலத்துல இழைச்ச சுருள்லதான் வெந்நி போடுவோம். இது காத்துல பறந்து கோழி மூக்கு வரைக்கும் போகுது. வர்ணத்தை மாத்தலாம்னு பேரன் பெயிண்டு அடிச்சான். அந்த முழு பிளாஸ்டிக்குல பெயிண்டு ஒட்டாதுலே. வாழை இலையில வெண்ணெய் தடவுன கதை. மூணாம் மாசம் தோலு தோலா உரிஞ்சிட்டு.

அடுத்து எலிவேஷன். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே உங்களுக்கெல்லாம் கழுத்து ரெண்டு இஞ்சு நீளுது. முகப்புல பட்டை, சன்னலைச் சுத்திப் பட்டை, பால்கனிக்கு அடியில பட்டை. எல்லாத்துலயும் அச்சடிச்ச மரக்கணு. நானும் வேலை இல்லாம எண்ணிப் பாத்தேன். நாலு பலகைக்கு ஒரு தடவை அதே கணு, அதே எடத்துல வருது. எந்தக் காட்டுலலே அப்படி மரம் வளருது? அந்தப் பட்டை பி.வி.சி.யா இருந்தா பெயிண்டு பிடிக்கும், சரிதான். அதுக்காகக் கருப்பு அடிச்சு மேற்கு வெயில்ல நிறுத்தினா நெளியும்.

எனக்கு ஒண்ணுதான் புரியல. பிளாஸ்டிக்குன்னு சொல்லிக்கிட பிளாஸ்டிக்குக்கு வெக்கமா, வாங்குத உனக்கு வெக்கமா? மதுரை தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜுல வாசுதேவன்னு ஒரு வாத்தியார், குப்பை பிளாஸ்டிக்கைத் தாரோட சேத்து ரோடு போட வழி கண்டார். 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்த ரோடு என்னைக்காவது 'நான் ஈட்டி மரமாக்கும்'னு சொல்லிச்சா? ரோடாக் கெடந்து ரோட்டு வேலையைப் பாக்குது.

இந்த நாற்காலி கதையும் சொல்லிருதேன். பேத்தி போன்ல படிச்சுக் காட்டினா. 1903-ல அமெரிக்காவுல நியூயார்க் மாகாணம், வெஸ்ட்போர்ட்டுங்குற ஊர்ல தாமஸ் லீன்னு ஒருத்தர், வீட்டு ஆளுகளை உக்கார வச்சு உக்கார வச்சுப் பாத்துச் செஞ்சாராம். ஆசாரின்னா அப்படித்தான் பாத்துச் செய்யணும். செஞ்சதைக் கூட்டாளி ஒருத்தன்கிட்ட குடுத்தாரு. அவன் 1905-ல தன் பேர்ல பேட்டன்ட்டு வாங்கிட்டான். நம்ம ஊரு பட்டா மாத்துத வேலை அங்கயும் நடக்கு பாரு. அப்ப மரத்துல செஞ்சது, இப்ப பிளாஸ்டிக்குல வருது. சாய்மானம் நல்லாத்தான் இருக்கு. கை வைக்க அகலமா எடம், காப்பி தம்ளர் கூட நிக்குது. உக்காருத பலகைதான் முன்னால ஏறி பின்னால தாழ்ந்து கெடக்கு. வீட்டு ஆளுகளை உக்கார வச்சுப் பாத்த மனுசன், எந்திரிக்கச் சொல்லிப் பாத்தாரான்னு தெரியல.

என்ன, கடியாரத்தைப் பாக்கே? கெழவன் ரொம்ப நேரமாப் பேசுதானேன்னா? பேசணும்னு ஆசை இல்லலே. காலையில பத்து மணிக்கு இதுல சாஞ்சேன். வீட்டுல ஒருத்தரும் இல்ல. கையைக் குடு. ரெண்டு கையையும் குடுலே.