ஸ்டேப்லர் உடுத்திய ரவிக்கைத் துணி: திணைவழு குறித்த ஓர் ஆய்வு

உடுத்துவது உயர்திணையின் தொழில். சோளக்கொல்லை பொம்மையும் சட்டை போடுகிறதே என்பார்க்கு, அது மனிதனாக நடிப்பதால் அமையும் என்க. ஸ்டேப்லர் எதுவாகவும் நடிப்பதில்லை. ஆயினும் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில், ஒரு திங்கட்கிழமை காலை, மேடத்தின் ஸ்டேப்லர் கிளிப்பச்சைத் துணி உடுத்தி, ஜரிகைக் கரை முதுகில் ஓட, மேசைமேல் வீற்றிருந்தது.

முதலில் துணியின் குலம் கோத்திரம் காண்போம். நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். முழங்கை வரை கை வைக்கப் போதாது. தூக்கிப் போடவும் மனம் வராது. எனவே அடுத்த வீட்டுத் தாம்பூலத் தட்டில் ஏறும். மேற்படி கிளிப்பச்சை, மூன்று நவராத்திரி சுற்றிப் புறப்பட்ட வீட்டுக்கே வந்து, அங்கே எவராலும் அடையாளம் காணப்படாமல் மறுபடி கிளம்பியதாக மேடம் வாய்மொழிச் சான்று அளித்தார். இந்தப் பிறவிச் சுழலை அறுப்பது பசை ஒன்றே. ஒட்டிய துணியை யாருக்கும் வைத்துக் கொடுக்க முடியாது.

(பஞ்சிங் மெஷின் போடும் இரு துளைகளுக்கு இடைவெளியும் 80தான், ஆனால் மில்லிமீட்டர். இதைக்கொண்டு ஓர் ஒப்பாய்வு தொடங்கி, பாதியில் கைவிட்டேன்.)

பசை, 1959 முதல் இந்நாட்டில் விற்கும் ஃபெவிகால். பாலாய் வெளுத்தது காய்ந்ததும் கண்ணாடியாவது, நீர் ஆவியாகிப் போக, அதில் மிதந்த பாலிவினைல் அசிடேட் துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் படலமாவதால். அட்டையும் மரமும் அந்த நீரைக் குடித்துப் பசையைப் பற்றிக்கொள்ளும். இரும்பும் பிளாஸ்டிக்கும் குடியா. ஆகவே பாக்ஸ் ஃபைலில் ஒட்டிய துணி வருஷக்கணக்கில் நிற்க, ஸ்டேப்லரில் ஒட்டியது சில வாரத்தில் முனை தூக்கும். மேடம் இதை முன்னரே உணர்ந்து, உப்புத்தாளால் உடம்பு முழுக்கத் தேய்த்த பிறகே பசை தடவியிருந்தார். கைத்திறனில் குறை சொல்ல இடமில்லை. அதுவே பின்னால் வினையாயிற்று.

இனி மொழிச் சான்று. துணி உடுத்துமுன் அந்த ஸ்டேப்லரை யாரும் கேட்டு எடுத்ததில்லை. எடுத்தவர் திருப்பி வைத்ததுமில்லை. உடுத்திய மறுநாளே, "மேடம், இவங்களைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போகவா?" என்றார் தபால் பிரிவுக்காரர். மாலைக்குள் 'அவங்க' சுருங்கி 'அவள்' ஆனது. மகிழ்ச்சி, சிறப்பு முதலிய காரணங்களால் திணை மாற்றிச் சொன்னால் குற்றமில்லை என நன்னூல் ஏற்கனவே வழிவிட்டிருப்பதால், அலுவலகத்தில் எவரும் இதைத் திருத்தவில்லை.

சினத்தாலும் திணை மாறலாம் என்று அதே நூல் சொல்கிறது. இதற்குச் சான்று மாதக் கடைசியில் கிடைத்தது. பின் தீர்ந்துவிட்டது. மூடியையும் அடிப்பாகத்தையும் சேர்த்து ஒரே துணியாக ஒட்டியிருந்ததால், பத்தாம் நம்பர் பின் போடத் திறக்க வழியில்லை. சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளர் இழுத்தார், தட்டினார், ஸ்கேலை விட்டு நெம்பினார்.

"வாயைத் திறக்கவே மாட்டேங்கிறாளே!"

பிளேடால் கீறலாம் என்ற யோசனையை மேடம் ஏற்கவில்லை. பச்சை கசங்காமல் இன்றும் மேசைமேல் இருக்கிறது. பின் அடிக்க வேண்டுமானால் மேடமே பக்கத்து மேசைப் பக்கம் கை நீட்டுகிறார்.

"தம்பி, அதை இப்படிக் கொடு."