ஒழுகாத ஒழுக்கு: காரிமங்கலம் வட்டாரப் பழங்கார்களில் தண்ணீர் மறைவு குறித்த முதற்கட்ட ஆய்வு

தரையில் ஒரு சொட்டு இல்லை. ரேடியேட்டர் டப்பாவில் தண்ணீரும் இல்லை. தமிழ் ஆய்வுலகம் இன்றுவரை கண்டுகொள்ளாத இந்த முரண், சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி தாண்டி வரும் பழைய கார்களில் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் (பெரியவர்களுக்கு இன்னமும் அது ஏழாம் நம்பர் ரோடுதான்) காரிமங்கலம் மலைக்கோயில் கண்ணில் படும் நேரத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும். வண்டி ஓரங்கட்டும். ஓட்டி வந்தவர் இறங்கிக் குனிந்து அடியில் பார்ப்பார். காய்ந்த தார்தான் தெரியும்.

ஆய்வின் எல்லை: அம்பாசிடர், மாருதி 800. முன்னது 1958இல் உத்தரபாராவில் பிறந்தது. பின்னது 1983இல் குர்கானில். இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டதால், 'என்னுடையது புது வண்டி' என்று எந்த உரிமையாளரும் வாதாட வழியில்லை. பத்மினி கார் சேர்க்கப்படவில்லை, கிடைக்கவில்லை.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற முச்சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் அதை மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனபோது வழியெல்லாம் தண்ணீர் கேட்டு ஊற்ற வேண்டியிருந்தது. ஆக, முதன்முதலில் வெளியூர் போன காரே தண்ணீர் குடித்த கார். பிறகு பொறியாளர் மைபாக் வந்தார். 1901 மெர்சிடஸுக்கு அவர் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள். உலகம் இதை முன்னேற்றம் என்கிறது. ஒழுகுவதற்கு 8,070 புதிய இடங்கள் கிடைத்தன என்பதை மட்டும் இவ்வாய்வு குறித்துக்கொள்கிறது.

வகைப்பாடு வருமாறு. வெளியொழுக்கு: ஹோஸ் வெடிப்பு, ரேடியேட்டர் ஓட்டை. கண்ணுக்குத் தெரிவதால் ஆய்வுக்கு உரியதன்று.

அறையொழுக்கு: ஹீட்டருக்குப் போகும் தண்ணீர் உள்ளே கசிவது. கால்மிதி நனையும், முன்கண்ணாடியில் ஆவி படியும், இனிப்பு வாடை வரும். தருமபுரி மாவட்டத்தில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்ற வினா வேறு துறையைச் சேர்ந்தது. அந்த இனிப்பு கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்காலுடையது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் முறையியலை இவ்வாய்வு வன்மையாக மறுக்கிறது: அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. கீழே சிந்தினால் கழுவிவிட வேண்டும்; தெருநாய்க்கு அது விஷம் என்று தெரியாது.

உள்ளொழுக்கு: ஹெட் கேஸ்கெட். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே போய்ச் சைலன்சர் வழியே வெள்ளைப் புகையாக வரும். அல்லது ஆயிலோடு கலந்து அதைப் பால் விட்ட காபி நிறமாக்கும். இரண்டும் தென்படாதபோதே, 'ஹெட் கேஸ்கெட் போச்சு, இறக்கிடலாம்' என்று தொடங்கும் பட்டறைகள் உண்டு. முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றுகளைப் பிறகு திரட்டும் இந்த மரபு பட்டறைக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதினால் பல்கலைக்கழகங்களில் சிலர் வருத்தப்படுவார்கள்.

ஆவியொழுக்கு: ரேடியேட்டர் மூடி. காரிமங்கலம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி அழுத்தத்தைப் பிடித்து அதை 120 டிகிரி அளவுக்குத் தள்ளிப்போடும். மூடியின் ரப்பர் செத்திருந்தால் தண்ணீர் முன்கூட்டியே கொதித்து, ஓவர்ஃப்ளோ டியூப் வழியே ஆவியாகக் காற்றில் கலக்கும். சொட்டு விழாது. உரிமையாளர் தலையில் கைவைப்பார்.

இங்கே நீரியல் பற்றி ஒரு குறிப்பு. இம்மாவட்டத்துக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. அதற்காகத்தான் ஜப்பானியக் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. பயனாளிகள் பட்டியலில் ரேடியேட்டர்கள் இல்லை. அவற்றுக்கு இன்றும் போர் தண்ணீர்தான். புளோரைடு பல்லைக் கெடுக்கிறது. உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து வழியை அடைக்கிறது, இரும்பை அரிக்கிறது.

இனி மையப்பொருள்: மஞ்சள் தூள்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போடுவது இந்திய நெடுஞ்சாலைகளின் மூத்த சிகிச்சை. தத்துவம் எளிது. மஞ்சள் தண்ணீரில் கரையாது. துகள்கள் ஊறி உப்பி, ஓட்டத்தோடு போய் ஓட்டையில் சிக்கி அடைத்துக்கொள்ளும் (டீக்கடை பெஞ்சு, வடக்கு முனை, காலைப் பதிப்பு). ஆனால் எந்த மஞ்சள் என்பதில் அறிஞர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். விரலியை அரைத்த பொடிதான் பிடிக்கும் என்பது விரலிப் பள்ளி. கிழங்கு மஞ்சளில்தான் பசை அதிகம் என்பது கிழங்குப் பள்ளி (மேற்படி பெஞ்சு, திருத்திய மாலைப் பதிப்பு, வடை தீர்ந்தபின் சேர்க்கப்பட்ட பின்னிணைப்பு). ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் ரேடியேட்டர் பயன்பாடு பற்றி எவரும் பேசவில்லை என்ற மனக்குறை இரு பள்ளிகளுக்கும் பொது.

அமெரிக்க ஓட்டுநர்கள் இதே வேலைக்கு முட்டை வெள்ளைக்கருவையும் மிளகுத்தூளையும் போட்டார்கள். அப்படியானால் இதே சாலையில் தெற்கே நாமக்கல் இருந்தும் முட்டை ஏன் நம் ரேடியேட்டரில் ஏறவில்லை? ஒரு விடை, சூடான எஞ்சினிலிருந்து ஆம்லெட் வாடை வந்தால் கிளீனருக்குப் பசிக்கும் என்பது (பட்டறைச் சுவர், கரிக்கட்டி எழுத்து, தொலைபேசி எண்களுக்குக் கீழ் மூன்றாம் வரி, பாதி அழிந்தது; அழிந்த பாதிக்கு ஒப்புநோக்குக: பஞ்சர் கடைப் பலகையின் பின்புறம், மழைக்கு முந்தைய படி, தற்போது அடுப்பில்).

மஞ்சள் ஓட்டையை மட்டும் தேடிப் போகாது என்பதை இரு பள்ளிகளும் மறைக்கின்றன. குறுகலாக எது கண்டாலும் அடைக்கும். நல்ல குழாய்களும் சேர்ந்து அடைபடும். கசிவு நின்ற பிறகும் வண்டி சூடேறுவது அதனால்தான். ஹெட் கேஸ்கெட்டை ஐயுறுவோர் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் ஒன்று உண்டு, புரோமோதைமால் நீலம். எஞ்சின் புகையிலுள்ள கரியமிலவாயு கலந்தால் மஞ்சளாகும். மஞ்சள் போட்ட வண்டியில், தளும்பும் தண்ணீர் அந்தத் திரவத்தில் கலந்துவிட்டால் ஆய்வு முடிவு என்ன நிறம் என்பதற்குத் தனிக் கருத்தரங்கு தேவை.

ஓரங்கட்டிய வண்டி ஒன்றுக்குப் பட்டறையில் உண்மையில் நடந்தது இவ்வளவு ஆரவாரமில்லாதது. "ஆறட்டும் சார். சூட்டுல மூடியைத் தொறந்தா மூஞ்சி வெந்துடும்," என்று மெக்கானிக் முதலில் டீ சொன்னார். ஆறிய பிறகு மூடியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, எஞ்சினைத் துடைத்து, ஹோஸ் இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவினார். நடுகல்லில் மங்கிய எழுத்தைப் படிக்க மாவு தடவுவதுண்டு. நடுகற்கள் நிறைந்த இம்மாவட்டத்தில் அந்த வேலைக்கு முனைவர் பட்டம் தருகிறார்கள். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை ஏற்றியதும் அதன் முள் மெல்ல இறங்கியது. வாட்டர் பம்புக்குப் பின்னால் பவுடரில் ஒரு நூல்கோடு ஈரம்.

"குளிர்ல கிளாம்ப் லூசாகி விடியக்காலம் கசியுதுங்க. ஓடுறப்ப ஹோஸ் உப்பி அடைச்சுக்கும். கசிஞ்சதும் சூட்டுல காஞ்சுடும்." காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொருக்கு ஒன்று நகக்கண் அளவுக்கு இருந்தது. கிளாம்ப் மாற்றப்பட்டது. போர் தண்ணீரை வடித்துவிட்டு, கூலன்டும் பேட்டரித் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றினார்கள்.

இவ்வாய்வின் முதல் ஆசிரியராக நெறியாளர் பெயர் இடம்பெறும். அவர் காரிமங்கலம் வந்ததில்லை. இரண்டாவது பெயர் துறைத்தலைவருடையது. அவரிடம் இருப்பது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்து அந்த ஈரத்தைப் பார்த்துச் சொன்ன பையனுக்குத் தட்டச்சு உதவி என்ற தலைப்பின்கீழ் நன்றி தெரிவிக்கப்படும்.