லைட் தீஸ்கோ

ஹைதராபாத்தில் வேலை கிடைத்துப் போன புதிதில் செகந்திராபாத் பத்மாராவ் நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். அங்கே ஸ்கந்தகிரி கோயில் இருக்கிறது, சுற்றிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள், தெலுங்கு தெரியாமலே காலம் தள்ளிவிடலாம் என்று திருச்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோயிலில் முருகனிடம் தமிழில் பேசலாம்தான். வீட்டுக்காரம்மாவிடம் முடியாது.

என் படுக்கை ஜன்னலுக்கு நேர் எதிரே, மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு டியூப்லைட். ராத்திரி பூரா எரியும். எரிந்தாலாவது பரவாயில்லை, சோக்கில் கோளாறோ என்னவோ, அரைமணிக்கு ஒருதரம் கண்ணடிக்கும். பத்து நாள் பொறுத்துவிட்டு, தெலுங்கு மாதிரி ஒன்றில் முறையிட்டேன். அந்த அம்மாள் வெங்காயம் நறுக்கியபடியே தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "லைட் தீஸ்கோ, பாபு."

என் கையிருப்பில் அப்போது நாற்பது தெலுங்குச் சொற்கள் இருந்தன. தீஸ்கோ அதில் ஒன்று. மளிகைக் கடைக்காரர் சில்லறையை நீட்டும்போது சொல்வது. எடுத்துக்கோ. ஆகா, குடிவந்து பத்தே நாளான பிள்ளைக்கு விளக்கையே தூக்கிக் கொடுக்கிறாரே என்று உருகிப்போனேன். அன்று இரவே ஸ்டூல் போட்டு ஏறி, டியூப்பைத் திருகிக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, என் பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் தூங்கியதில்லை.

மறுநாள் முதல் வீட்டில் திருட்டுப் பேச்சு. பால்காரர் மேல் ஒரு கண், பேப்பர் போடும் பையன் மேல் ஒரு கண். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் இருட்டில் ஒரு படியைத் தவறவிட்டு, ஒற்றைச் செருப்போடு மேலே வந்து சேர்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துப்பாக்கியைத் தோளில் சாத்திய சிப்பாய் மாதிரி டியூப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போய், "நீங்கதானே தீஸ்கோன்னு சொன்னீங்க" என்றேன். அம்மாள் சிரிக்க ஆரம்பித்தவர் பால்காரர் வரும்வரை நிறுத்தவில்லை. வந்ததும் அவரிடமும் சொன்னார். அந்தத் தெருவில் இருந்த வரைக்கும் நான் 'டியூப்லைட் அப்பாயி', அதாவது டியூப்லைட் பையன். டியூப்லைட் என்றால் சொன்னது உடனே விளங்காத ஆசாமி என்பதில் தமிழுக்கும் தெலுங்குக்கும் ஒரு கருத்து வேறுபாடும் கிடையாது.

அவர் சொன்னதன் பொருள், 'அதைப் பெரிசா எடுத்துக்காதே, விட்டுத்தள்ளு.' பழைய நகரத்துக்குப் போனால் இதையே தக்கனி உருதுவில் "லைட் லோ மியா" என்பார்கள். சார்மினார் பக்கம் ஒரு ஆட்டோக்காரர் என்னை வேறு ஏதோ சந்தில் இறக்கிவிட்டு, மீட்டருக்கு மேல் இருபது ரூபாயும் வாங்கிக்கொண்டு, இந்த வாக்கியத்தைத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடித்த இலக்கணம் ஒன்றுதான்: லைட் எடுத்துக்கொள்ளச் சொல்பவர் எப்போதும் பாரத்தை ஏற்றியவராகவே இருப்பார். சுமப்பவன் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டதில்லை.

இந்த வேடிக்கை நடக்கும் ஊர் எது என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனத்தை ஹைதராபாத்தில்தான் திறந்தார்கள். 2007-இல் அது பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. தார்நாகா போகும் பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். பக்கத்திலேயே உஸ்மானியா பல்கலைக்கழகம். 1918-இல் தொடங்கியபோது எல்லாப் பாடமும் உருதுவில்தான். அதற்கென்றே மொழிபெயர்ப்புத் துறை வைத்து, விஞ்ஞானச் சொல் ஒவ்வொன்றுக்கும் உருது கண்டுபிடித்தார்கள். அப்பேர்ப்பட்ட ஊர், 'லைட்' என்ற சொல்லை மட்டும் தோலுரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததை மாற்றிவிட்டது.

ஆங்கில அகராதியிலும் இது ஒரு சொல் இல்லை, இரண்டு. வெளிச்சம் என்ற லைட் வேறு குடும்பம், கனமில்லாத லைட் வேறு குடும்பம். எழுத்து மட்டும் ஒன்றாகிவிட்டது, ஒரே இனிஷியல் உள்ள இரண்டு சுப்பிரமணியங்கள் போல. கனமில்லாத லைட்டின் உறவுக்காரர்தான் நுரையீரலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். உடம்புக்குள்ளே லேசான உறுப்பு என்பதால் வந்த பெயர். கசாப்புக் கடை ஆங்கிலத்தில் ஆட்டு நுரையீரலுக்கு 'லைட்ஸ்' என்றே பெயர் உண்டு. நம் ஆள் அதில் நுரையைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரோஜெட் என்ற வைத்தியர் 1852-இல் ஆங்கிலத்துக்கு ஒரு சொற்களஞ்சியம் போட்டார். சுமார் ஆயிரம் தலைப்பு. ஒத்த பொருள் சொற்களையெல்லாம் கூட்டம் கூட்டமாகக் கட்டி வைத்தது. நமக்குத் திவாகரம், பிங்கலம் என்ற நிகண்டுகள் அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே அந்த வேலையைச் செய்துவிட்டன, அதுவும் சூத்திரமாக. பையன்கள் மனப்பாடம் பண்ணினார்கள், பாவம். ரோஜெட் எடைக்கு ஒரு தலைப்பும் வெளிச்சத்துக்கு ஒரு தலைப்பும் தனித்தனியே வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரம்மா இரண்டையும் ஒரே படிக்கட்டில் வைத்ததுதான் சிக்கல்.

தமிழில் நாம் மட்டும் ஒழுங்கா? 'லேசா' என்று சொல்லிக்கொண்டிருந்த வாய், ஓசை பக்கத்தில் இருக்கிறதே என்று 'லைட்டா'வுக்குத் தாவிவிட்டது. லைட்டா தலைவலி, லைட்டா மழை, லைட்டா லேட் ஆகும். இந்த லைட்டா ஒரு கழித்தல் குறி. ஆனால் அம்மாக்களுக்கு அது பெருக்கல் குறி. ஒருமுறை போனில் "லைட்டா காய்ச்சல்" என்று சொல்லித் தொலைத்தேன். நூற்றிரண்டுக்குக் குறையாது என்று கணக்குப் போட்டு, மறுநாள் மாலை சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறி, அடுத்த நாள் காலை மிளகு ரசப் பொடியோடு அம்மா வாசலில் நின்றாள். அதற்குள் காய்ச்சல் இறங்கி, அன்று சாயங்காலம் அலுவலக நண்பருடன் ஹலீம் சாப்பிடப் போவதாகப் பேசி வைத்திருந்தேன்.

அந்த ஹலீமையும் சொல்லிவிட வேண்டும். ரம்ஜான் மாதம். "லைட்டா ஏதாவது சாப்பிடலாம் பாய்" என்றுதான் நண்பர் அழைத்திருந்தார். கோதுமையும் ஆட்டுக்கறியும் நெய்யும் மணிக்கணக்கில் அடுப்பில் கிடந்து, கட்டையால் இடிபட்டு, எது கறி எது கோதுமை என்று அடையாளம் அழிந்த ஒரு கிண்ணம். மேலே வறுத்த வெங்காயம், அதற்கும் மேலே இன்னும் நெய். ஹைதராபாத் ஹலீமுக்கு 2010-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். எடைக் குறியீடும் கொடுத்திருக்கலாம். வீடு திரும்பி நான் படுத்த படுக்கையைப் பார்த்து, தான் வந்தது சரிதான் என்று அம்மா திருப்தியாக ரசம் வைக்கப் போனாள்.

எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று உண்டு. தமிழில் லேசு பெரும்பாலும் எதிர்மறையோடு குடித்தனம் பண்ணுகிறது. லேசுப்பட்ட ஆள் இல்லை, லேசில் விடமாட்டான், அவ்வளவு லேசில்லை. ஆங்கிலத்திலும் ஒன்றை லேசாக எடுத்துக்கொள்ளாதே என்றுதான் எச்சரிப்பார்கள். எடுத்துக்கொள், தாராளமாக எடுத்துக்கொள் என்று கூப்பிட்டுக் கொடுக்கிற ஊரை நான் இது ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

இருபது வருஷம் ஓடிவிட்டது. இப்போது பையன்கள் என்னிடம் "லைட் தீஸ்கோண்டி, அங்கிள்" என்கிறார்கள். அந்த 'அண்டி' மரியாதை விகுதி. 'தீஸ்கோ' இருந்தவரை இருந்த இளமை அதில் போய்விட்டது.

போன மாதம் என் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் மதுரைப் பையன் ஒருவன் குடிவந்தான். ஒரு சாயங்காலம் மேலே வந்து, "சார், உங்க பால்கனி லைட்டு நேரா என் கண்ணுல அடிக்குது, தூங்கவே முடியல" என்றான். டிவியில் கிரிக்கெட் கடைசி ஓவர். திரும்பிக்கூடப் பார்க்காமல், "லைட் தீஸ்கோ தம்பி" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. அவன் ஒரு நிமிஷம் நின்று யோசித்த மாதிரி இருந்தது. "சரி சார்" என்று இறங்கிப் போனான்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். லைட் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏனோ லேசாக ஒரு ஏமாற்றம்.