முதலாளிகளுக்கு ஒரு பொன்னாடை

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்களின் முதலாளிகள் அளவுக்கு ஊர் வாயில் விழுந்தவர்கள் வேறு யாரும் இல்லை. வாரம் தவறாமல் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி, ராகம் போட்டு, கோரஸாகத் திட்டுகிறார்கள். இரண்டு ஆள் நீளத் துணியில் எழுதிப் பிடிக்கிறார்கள். இத்தனையையும் காதில் வாங்கிக்கொண்டும், டிக்கெட் விலையைக் கூட்டும் கடமையிலிருந்து அந்தப் பெருமக்கள் வழுவியதில்லை. நாற்பது ரன் அடித்தவனுக்கெல்லாம் சால்வை போர்த்துகிற உலகத்தில் இவர்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்த ஆளில்லையே என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

சொந்த நன்றிக்கடனும் இருக்கிறது. 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்கள் சேர்ந்து 'சூப்பர் லீக்' என்று ஒன்றை அறிவித்தன. ஜெயித்தாலும் தோற்றாலும் பெரியவர்கள் வெளியே போகவே வேண்டியிராத போட்டி. அதில் ஆறு கிளப் இங்கிலாந்துடையவை. அந்தத் திட்டத்தின் கர்த்தாக்கள், மைதானத்துக்கு நேரில் வந்து தொண்டை வற்றக் கத்துகிற உள்ளூர் ஆட்களுக்கு 'மரபு ரசிகர்' என்று பெயர் சூட்டியிருந்ததாகச் செய்தி வந்தது. தாத்தா விட்டுப்போன ஓட்டு வீட்டைப் பற்றிப் பேசுகிற தொனி. அதற்கு எதிர்ப்பதம் 'எதிர்கால ரசிகர்'. கடல் கடந்து, சோபாவில் காலை நீட்டி, மிக்சர் கிண்ணத்தோடு டிவி பார்க்கிறவர். அது சாட்சாத் நான்தான். பர்ன்லி என்ற ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மேப்பைத் திறந்துதான் சொல்ல முடியும். இப்படிப்பட்ட என்னை முன்னிட்டு, நாலு தலைமுறையாக ஒரே வரிசையில் உட்கார்ந்து வருபவரை எழுப்பிவிடத் துணிந்தார்களே, அந்தப் பெருந்தன்மைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

மரபு ரசிகர்களுக்குத்தான் எதிர்காலம் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் செல்சி ரசிகர்கள் தங்கள் கிளப்பின் பஸ்ஸையே வழிமறித்தார்கள். முன்னாள் கோல்கீப்பர் பீட்டர் செக் தெருவில் இறங்கி, ஆட்டத்துக்காவது வழி விடுங்கள் என்று கெஞ்சினார். அன்றிரவுக்குள் ஆறு கிளப்பும் கழன்றுகொண்டன. 48 மணி நேரத்தில் எனக்கிருந்த அந்தஸ்து போய்விட்டது.

சரி, அவர்களுடைய மேதைமைக்கு வருவோம். மளிகைக் கடையில் துவரம் பருப்பு விலை ஏறினால் நீங்களும் நானும் எதிர்க்கடைக்குப் போய்விடுவோம். கடைக்காரருக்கும் அது தெரியும். அதனால் கொஞ்சம் அடக்கி வாசிப்பார். லிவர்பூல் நகரத்தைப் பாருங்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக எவர்ட்டன் மைதானத்துக்கும் லிவர்பூல் மைதானத்துக்கும் நடுவே ஸ்டான்லி பார்க் என்ற ஒரு பூங்காதான் இருந்தது. நடந்தால் கால் மணி நேரம். அந்தப் பக்கம் டிக்கெட் மலிவு என்று பூங்காவைக் குறுக்கே கடந்து போன ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம். செத்தாலும் போக மாட்டான். கிளப்பின் பாட்டைக் கற்றுக்கொடுத்ததும், தோற்ற அன்று கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அவன் அப்பா.

இந்தப் பாசத்தைக் கவிஞர்கள் பார்த்தார்கள், கண்கலங்கினார்கள், பாட்டெழுதினார்கள், போய்விட்டார்கள். முதலாளிகள்தான் பார்த்த இடத்தில் ஒரு விலைச்சீட்டை ஒட்டினார்கள். வேறு கடைக்குப் போகவே முடியாத வாடிக்கையாளர்! வியாபாரம் என்ற ஒன்று தோன்றிய நாள் முதல் எல்லா வியாபாரியும் கண்ட கனவு இது.

ஒன்றை மட்டும் கேலியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், கம்பி வேலிக்குப் பின்னால் நின்று பார்க்கும் அடைப்புக்குள் நெரிசல். 97 லிவர்பூல் ரசிகர்கள் மாண்டார்கள். விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர் 1990இல் கொடுத்த அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. இருக்கை வந்தால் ஏழைக்குக் கட்டுபடியாகாதே என்ற கவலையும் அவருக்கு இருந்திருக்கிறது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டுதான், அந்த மாதிரி வைக்கலாமே என்று கணக்கும் காட்டியிருந்தார். முதலாளிகள் அறிக்கையை மதித்தார்கள். இருக்கையைப் போட்டார்கள். 6 பவுண்டு என்று எழுதியிருந்த பக்கம் மட்டும் அவர்கள் கைக்கு வந்த பிரதியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

1992இல் பிரீமியர் லீக் பிறந்தது. ஐந்து ஆண்டு டிவி உரிமைக்கு அன்று பேசிய தொகை 30.4 கோடி பவுண்டு. 2025இல் தொடங்கிய நான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்கு, உள்நாட்டு டிவி மட்டும் 670 கோடி பவுண்டு. வெளிநாட்டுக் காசு, அதாவது என்னைப் போன்ற மிக்சர்காரர்கள் கட்டுவது, தனி. டிவி பணம் இப்படி வெள்ளமாக வந்த பிறகு, வாசலில் வாங்கும் சில்லறையைக் குறைத்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். இவர்களுக்குத் தோன்றவில்லை. கோடீஸ்வரர் ஆன பிறகும் தரையில் கிடக்கும் எட்டணாவைக் குனிந்து எடுக்கிறவரை நாம் கஞ்சன் என்போம். நம் பார்வைக் கோளாறு. அது எளிமை.

சிக்கனத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் முதலாளிக் குடும்பத்தைப் பின்தள்ள ஆளில்லை. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் அதை வாங்கியது. பெரும்பகுதி கடன். கடனைத் தூக்கி வைத்தது கிளப்பின் தலையிலேயே. விளங்கச் சொன்னால், நான் உங்கள் வீட்டை வாங்குகிறேன், அதற்கான கடனை உங்கள் வீட்டின் பேரில் எடுக்கிறேன், வட்டியை நீங்கள் கட்டுகிறீர்கள், வீடு என்னுடையது. இந்தச் சூத்திரத்தைக் கேட்டதிலிருந்து எனக்குப் பொருளாதாரத்தின் மேல் பக்தியே வந்துவிட்டது. புரியாத சில பேர் கோபித்துக்கொண்டு போய், எஃப்.சி. யுனைடெட் என்று தங்களுக்கே தங்களுக்கென ஒரு சின்ன கிளப் தொடங்கி, கீழ்மட்ட லீக்கில் ஆடினார்கள். இன்னும் ஆடுகிறார்கள். சொந்தப் பணத்தில்.

2024 கடைசியில், சீசன் பாதி நடந்துகொண்டிருக்கும்போது, யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் உறுப்பினர்களுக்கென மிச்சமிருந்த டிக்கெட் எல்லாவற்றுக்கும் 66 பவுண்டு என்று ஒரே விலை வைத்தார்கள். அதற்கு முன் பெரியவருக்கு 40இலிருந்தும், குழந்தைக்கு 25இலிருந்தும் கிடைத்தது. அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் 66, எண்பது வயது ஓய்வூதியக்காரருக்கும் 66. சமத்துவம், சமத்துவம் என்று எத்தனையோ தலைவர்கள் மேடையில் முழங்கியிருக்கிறார்கள். கவுன்டரில் செய்து காட்டியவர்கள் இவர்கள்தான். அதே சீசனில் பயிற்சியாளரையும் அவர் குழுவையும் வீட்டுக்கு அனுப்பிய வகையில் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. எட்டு வயதுப் பிள்ளைகள் கைகொடுக்காமல் அந்தச் செலவை எப்படித் தாங்குவது? ஓல்ட் டிராஃபோர்டின் கூரை கன மழையில் அருவியாகக் கொட்டுவதை உலகமே வீடியோவில் பார்த்தது. அந்தக் குளியலுக்குத் தனிக் கட்டணம் வைக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வெளியூர் ரசிகர் மேல் காட்டும் அக்கறை தனி. டிவிக்குத் தோதாக ஆட்டத்தைத் திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு மாற்றுவார்கள். ஏற்கெனவே வாங்கிய ரயில் டிக்கெட் அவர் சட்டைப் பையில் நினைவுச்சின்னமாக இருக்கும். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் கடைசி ரயில் போயிருக்கும். அந்நிய ஊரின் பிளாட்பாரத்தில், தோற்ற மனதோடு, விடியும்வரை உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு முன்பெல்லாம் சித்தர்களுக்குத்தான் கிடைத்தது.

2013 ஜனவரியில் அர்செனல் மைதானத்துக்கு வந்த மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு டிக்கெட் 62 பவுண்டு. ஒதுக்கிய மூவாயிரத்தில் 900க்கும் மேற்பட்டவை விற்காமல் திரும்பின. வந்தவர்கள், இது எங்கே போய் நிற்கும் என்று கேட்டுத் துணி பிடித்தார்கள். அதை இறக்கச் சொன்னார்கள். சிட்டி ஜெயித்தது. மைதானத்தைவிட்டு வந்துகொண்டிருந்த வீரர்களிடம் கோட்டு நடுவர் ஒருவர், அதோ அவர்கள் 62 பவுண்டு கொடுத்து வந்திருக்கிறார்கள், போய் ஒரு வணக்கம் சொல்லுங்கள் என்றார். மைக்கில் அது விழுந்துவிட்டது. அன்று மைதானத்தில் விலையைச் சத்தமாகச் சொன்ன ஒரே அதிகாரி அவர்தான். அடுத்து அவருக்குக் கொடுத்திருந்த ஆட்டத்திலிருந்து அவரை விலக்கிவைத்தார்கள். கவனம் சிதறக்கூடாதாம்.

இனி இருக்கைகள். மரபு ரசிகர் எழுந்து போன இடத்தில் மெத்தை போட்ட நாற்காலி, பின்னால் சாப்பாட்டு அறை, கம்பெனி விருந்தாளிகள். 2000இலேயே யுனைடெட் கேப்டன் ராய் கீன், இறால் சாண்ட்விச் சாப்பிட வருகிறவர்களுக்கு ஆட்டம் புரிவதில்லை என்று எரிந்து விழுந்தார். ஆடத் தெரிந்தவருக்கு வியாபாரம் தெரியாது. வெம்ப்ளியில் பெரிய ஆட்டம் நடக்கும்போது டிவியில் நடு அடுக்கைப் பாருங்கள். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கி வெகுநேரம் ஆகியும், விலை கூடிய அந்த வளையம் காலியாகக் கிடக்கும். துளிக் கறை இல்லை, தேய்மானம் இல்லை. ஔவை பார்த்து வியந்த தொண்டைமானின் ஆயுதசாலை இப்படித்தான் பளபளத்திருக்கும்.

ஜெர்மனியைப் பார்த்தால்தான் இங்கிலாந்தின் அருமை தெரியும். அங்கே கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல், இரண்டொரு விலக்கு தவிர, உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி. டார்ட்மண்டில் கிட்டத்தட்ட 25,000 பேர் ஒரே பக்கத்தில் இன்னமும் நின்றுகொண்டே பார்க்கிறார்கள், மலிவு விலையில். 2024இல் லீக்கின் வருமானத்தில் வெளி முதலீட்டாளர் ஒருவருக்குப் பங்கு தரலாம் என்று பேச்சு வந்தபோது, வாராவாரம் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை மழையாகப் பொழிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். லீக் பயந்து பின்வாங்கியது. முதலீட்டாளர் வாசலில் நிற்க, டென்னிஸ் பந்தால் அடிக்கிற நாடு உருப்படுமா?

இங்கிலாந்தின் குருகுலத்தில் படித்து ஆசானை மிஞ்சிய சீடன் ஃபிஃபா. 2026 உலகக் கோப்பையை நடத்தக் கேட்ட விண்ணப்பத்தில் 21 டாலரிலிருந்து டிக்கெட் என்று எழுதியிருந்தது. 2025 டிசம்பரில், அணியோடு ஊர் ஊராக அலைகிற ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய டிக்கெட்டில், இறுதி ஆட்டத்துக்கு ஆகக் குறைந்த விலை 4,185 டாலர். கூச்சல் கிளம்பியதும் ஆட்டத்துக்குக் கொஞ்சம் என்று 60 டாலர் டிக்கெட்டைக் கண்ணில் காட்டினார்கள். வாங்கிய டிக்கெட்டை ஃபிஃபாவின் சந்தையிலேயே மறுபடி விற்றால், விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம். பிளாக்கில் டிக்கெட் விற்கிறவனைப் போலீஸ் துரத்திய காலத்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவன் ஒரு பக்கம்தான் எடுத்தான்.

ரசிகர் இல்லாவிட்டால் ஆட்டம் ஏது என்று சிலர் கேட்கிறார்கள். மூடநம்பிக்கை. 2020 ஜூனில், கொரோனாவுக்கு நடுவே, காலி மைதானத்தில் பிரீமியர் லீக் மறுபடி தொடங்கியபோது, ஒரு வீடியோ கேமுக்காகப் பதிவு செய்து வைத்திருந்த ரசிகர் கூச்சலை எடுத்து டிவியில் சேர்த்தார்கள். கோல் விழுந்தால் ஆரவாரம், தவறினால் பெருமூச்சு. வேண்டாமென்றால் ரிமோட்டில் அணைத்துக்கொள்ளலாம். முதலாளியைத் திட்டும் பாட்டு மட்டும் அந்தப் பதிவில் வராது. நான் மிக்சர் தின்றபடி அதைத்தான் கேட்டேன். ஏதோ குறைகிறதே என்று இரண்டு வாரம் தோன்றியது. உப்பு குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னாடையில் ஒரு சின்னக் கறை உண்டு, மறைப்பது முறையல்ல. 2016இல், அடுத்த சீசனுக்கு லிவர்பூலின் புதிய மெயின் ஸ்டாண்டில் உச்ச விலை 77 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 6, சண்டர்லாண்டுடன் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஆட்டம். சரியாக 77ஆம் நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். நாலே நாளில் பாஸ்டனில் இருந்த முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு, 77ஐக் கைவிட்டு, உச்ச விலையை 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். மறுமாதமே, வெளியூர் ரசிகரிடம் 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று லீக்கின் 20 கிளப்பும் ஒப்புக்கொண்டன. நல்லவர்களுக்கும் சறுக்கல் வரும். மன்னித்துவிடலாம்.

ரசிகர் போனாலும் ஆட்டம் நிற்காது என்பதற்கு அந்த நாளையே சான்றாகக் காட்டலாம் என்று ஸ்கோரைத் தேடிப் பார்த்தேன். அவர்கள் எழுந்தபோது லிவர்பூல் 2–0 என்று முன்னால் இருந்தது. அவர்கள் போன பிறகு சண்டர்லாண்ட் இரண்டு கோல் போட்டது. ஆட்டம் 2–2.