தொனிதேடியார்

மின்கிட்டார் வாசிப்போரைப் பல வகையாகப் பிரிக்கலாம் எனினும், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஐம்பது வயதை ஒட்டிப் பெருகிக் காணப்படும் ஒரு வகையினர் தனி ஆய்வுக்கு உரியவர்கள். இவர்கள் தேடும் பாட்டு 1966லோ 1969லோ ஒலிப்பதிவாகி முடிந்துவிட்டது. அந்தப் பதிவில் கிட்டார் எந்தக் குரலில் பேசியதோ, அதே குரலில் தம் வீட்டு அறையிலும் அதைப் பேசவைப்பதே இவர்களுடைய முயற்சி. அக்குரலை இவர்கள் 'டோன்' என்று பயபக்தியோடு குறிப்பிடுவதால், தொனிதேடியார் என்ற பெயர் இவர்களுக்குப் பொருந்தும். தொழிலால் வழக்கறிஞராகவோ பல் மருத்துவராகவோ இருப்பது வழக்கம். ஊர் ஊராகச் சென்று வாசித்துப் பிழைக்கும் இசைக்கலைஞர்கள் இவர்களை 'ப்ளூஸ் வக்கீல்' என்று கேலி செய்வதுண்டு. நல்ல கிட்டார்களெல்லாம் வக்கீல்களிடமே போய்ச் சேர்ந்துவிட்டதால், அக்கேலியில் பாதியைப் பொறாமைக் கணக்கில் எழுதிவிடலாம்.

தொனிதேடியாரின் சிந்தை முழுவதும் குவியும் உறுப்பு பிக்கப். கிட்டாரின் உடலில், எஃகுத் தந்திகளுக்கு அடியில் பதிந்திருக்கும் இது, காந்தமும் அதை ஒட்டித் தலைமுடி அளவே தடிமனுள்ள செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருளும் சேர்ந்த எளிய பொருள். தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து, சுருளில் சிறு மின்துடிப்பு பிறந்து, கேபிள் வழியே ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. ஒரே சுருள் கொண்ட பிக்கப், தந்தியின் அதிர்வோடு அறையிலுள்ள மின்சாரத்தின் முனகலையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். அந்த முனகலை ஒழிப்பதற்காக, மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ நகரிலிருந்த கிப்ஸன் கிட்டார்த் தொழிற்சாலையில் பணியாற்றிய சேத் லவர் என்ற பொறியாளர், காந்தமுனையும் சுற்றும் எதிரெதிராக அமைந்த இரண்டு சுருள்களை அடுத்தடுத்து வைத்தார்; முனகல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் கூடிக்கொண்டது. ஹம்பக்கர் எனப்படும் இந்த இரட்டைச்சுருள் பிக்கப்புக்கு 1955இல் அவர் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. லவர் முதலில் வரைந்த அமைப்பில், தந்திக்குத் தந்தி உயரத்தைச் சரிசெய்யும் திருகாணிகள் இல்லை என்பதும், விற்பனைப் பிரிவினர் வாடிக்கையாளரிடம் பேசுவதற்கு ஏதாவது வேண்டும் என்று கேட்டதால்தான் அவை சேர்க்கப்பட்டன என்பதும் அவரே சொல்லிச் சென்ற செய்தி. பேசுவதற்கென்று வைத்த திருகாணிகளைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேச்சு நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தால், விற்பனைப் பிரிவினரின் தீர்க்கதரிசனத்தை மெச்சத்தான் வேண்டும்.

காப்புரிமை கைக்கு வருமுன் விற்பனைக்கு வந்த பிக்கப்புகளின் அடியில், அதற்கு விண்ணப்பித்திருப்பதாக அறிவிக்கும் சிறு கறுப்புச் சீட்டு ஒட்டப்பட்டது. அந்த ஆங்கில அறிவிப்பின் முதலெழுத்துகளாகிய பி.ஏ.எஃப். என்பதே தொனிதேடியாரின் மூன்றெழுத்து மந்திரம். காப்புரிமை கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் அதே சீட்டே ஒட்டப்பட்டது. பிறகு எண் அச்சிட்ட சீட்டு வந்தபோது, அதிலிருந்த எண் பிக்கப்புக்கு உரியதாக இல்லாமல், லெஸ் பால் என்ற கலைஞர் தந்திகளைக் கட்டும் உறுப்பு ஒன்றுக்காகப் பெற்றிருந்த வேறொரு காப்புரிமையின் எண்ணாக இருந்தது. போட்டியாளரைத் தவறான ஆவணத்துக்கு அனுப்பச் செய்த தந்திரம் அது என்று சிலர் கருதுகின்றனர். கறுப்புச் சீட்டு உள்ள உண்மையான பிக்கப் இணை இன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோவதால், போலிச் சீட்டு அச்சிடுவோரும் பெருகிவிட்டார்கள். இவர்கள் எண் விஷயத்தில் கிப்ஸனைவிடக் கவனமானவர்கள்.

இனி வருவது தொனிதேடியாரின் தலையாய துன்பம். அக்காலக் கலமஸூவில் ஒரு சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று என்பது நோக்கமாக இருந்ததே தவிர, அது சட்டமாக இருந்ததில்லை. சுருள் நிறைந்துவிட்டது என்று கண்ணுக்குப் பட்டபோது கை இயந்திரத்தை நிறுத்தியது. ஆகவே ஒரே பிக்கப்பின் இரு சுருள்களுக்குள்ளேயே சுற்றுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. காந்தமும் அவ்வாறே: அலுமினியம், நிக்கல், கோபால்ட் முதலியவை கலந்த அல்நிகோ என்னும் உலோகத்தில் இரண்டு முதல் ஐந்து வரையான வகைகளுள் அன்றைக்கு எது பெட்டியில் இருந்ததோ அது பொருத்தப்பட்டது. சுருளைத் தாங்கும் கறுப்பு பிளாஸ்டிக்குக்குப் பதிலாகச் சில காலம் வெளிர்மஞ்சள் பிளாஸ்டிக் வந்தது. மேலே உலோக மூடி இருந்ததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இப்படி மனிதக் கையின் சோர்வும் சரக்கறையின் இருப்பும் சேர்ந்து நிர்ணயித்த ஒரு பொருளை அச்சுப்பிசகாமல் நகலெடுப்பதே தொனிதேடியார் மேற்கொண்டிருக்கும் பணி. பிறர் கவனத்தைப் பின்பற்ற முயல்வார்கள். இவர் பிறரது கவனக்குறைவை மில்லிமீட்டர் கணக்கில் பின்பற்ற முயல்கிறார்.

சந்தை இவருடைய தேவையை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. இன்றைய கணினி இயந்திரம் 5,000 சுற்று என்றால் 5,000 சுற்றே சுற்றும் என்பதால், பெயர்பெற்ற சிறு பட்டறையினர் இரு சுருள்களையும் வேண்டுமென்றே ஏறுமாறாகச் சுற்றி, காந்தத்தின் வலுவைக் கொஞ்சம் குறைத்து, மூடியைக் கறுக்கவைத்து, அந்தக் கவனக்குறைவுக்குக் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். பழைய பிக்கப்புகள் மெழுகில் தோய்க்கப்படாததால், ஒலியைக் கூட்டினால் சுருள்கள் தாமே நடுங்கிக் கிறீச்சிடும். எடி வான் ஹேலன் போன்ற வாசிப்பவர்கள் அத்தொல்லை தாங்காமல் தம் பிக்கப்பை உருகிய மெழுகில் அமிழ்த்தினார்கள். அந்த மெழுகு இல்லாத பிக்கப்பைத் தொனிதேடியார் இன்று தனியே சொல்லி வாங்குகிறார். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் இதே கதைதான்: 1954இல் மூன்றாம் தந்தி மெல்லிய கம்பி சுற்றிய தந்தியாக இருந்து ஒலி குறைந்ததால், அதன் கீழுள்ள காந்தத்தை உயர்த்தி வைத்தார்கள், பிற்பாடு வாசிப்பவர்கள் சுற்றில்லாத தந்திக்கு மாறியதும் அந்த ஒரு தந்தி மட்டும் மற்றவற்றை மீறிக் கத்தத் தொடங்கியது, பழைமை மாறாத பிக்கப் என்று விற்பவற்றில் அந்தக் கத்தல் இன்றும் பத்திரமாகப் பாதுகாக்கப்படுகிறது.

தொனிதேடியார் அளவுகளை நம்புகிறவர். சுருளின் மின்தடையைக் கிலோ ஓம் கணக்கில் அளந்து, பழைய பி.ஏ.எஃப். ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் எங்கெங்கோ திரிந்தது என்று அறிந்தும், தமக்கு வேண்டியது 8.1 என்று முடிவு கட்டி, 8.3 வந்தால் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு ஏறுவதால், குளிர்ந்த அறையில் 8.0 காட்டும் பிக்கப் பத்து டிகிரி வெப்பம் கூடிய பிற்பகலில் 8.3 காட்டும். மேலும், மின்தடை தொனியைப் பற்றித் தருவது அரைகுறைச் செய்தியே. சுருளின் மின்தூண்டலும், அதோடு சேரும் மின்தேக்கமும் எந்த அதிர்வெண்ணில் மேடு எழுப்புகின்றன என்பதுதான் காது உணரும் வேறுபாடு. மின்தேக்கத்தின் பெரும்பகுதியோ கேபிளிலிருந்து வருகிறது. கேபிளை மாற்றினாலே அந்த மேடு நகர்ந்துவிடும். திருகுளியை எடுத்துப் பிக்கப்பை அரைச் சுற்று இறக்கினாலும் தொனி மாறும். எனினும் செலவில்லாத எந்த மாற்றத்தையும் தொனிதேடியார் மாற்றமாக மதிப்பதில்லை.

அளவுகள் கைவிட்ட இடத்தில் அவருடைய சொல்வளம் கைகொடுக்கிறது. ஒரு பிக்கப் 'மரவாசனை' உடையது. மற்றொன்று 'மூக்கால் பேசுவது'. இன்னொன்றில் சுரம் 'பூக்கிறது'. சிறந்தவற்றில் கிட்டார் உயிரெழுத்துகளை உச்சரிக்கிறது. எந்த உயிரெழுத்து என்பதில் இரு தொனிதேடியார் ஒத்துப்போனதாக வரலாறு இல்லை.

இவர்கள் போற்றும் மூலவர்களின் வரலாறோ இவர்களுக்கு ஒத்துழைப்பதாகவே இல்லை. ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு எரிக் கிளாப்டன் 1966இல் வாசித்த இசைத்தட்டு, உறையில் அவர் 'பீனோ' என்ற சித்திரக்கதை இதழைப் படித்துக்கொண்டிருப்பதால் அப்பெயராலேயே வழங்கப்படுகிறது. தொனிதேடியார் பலர் அதன் தொனியையே இறுதி இலக்காகக் கொள்கிறார்கள். அதில் ஒலித்த, ஹம்பக்கர் பொருத்திய கிப்ஸன் லெஸ் பால் கிட்டார் அதே ஆண்டு திருடுபோயிற்று. அதன் பிக்கப்பைக் கையிலெடுத்து அளந்து பார்த்தவர் இல்லாத நிலையிலும், அதன் நேர்த்தியான நகல் என்று சொல்லிப் பிக்கப் விற்போருக்குக் குறைவில்லை. லெட் செப்பலின் முதல் இசைத்தட்டின் முழக்கத்தைக் கேட்டு, ஹம்பக்கரின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று லெஸ் பால் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அக்குழுவின் ஜிம்மி பேஜ் அதில் பெரும்பாலும் வாசித்தது, ஜெஃப் பெக் அன்பளிப்பாகக் கொடுத்த டெலிகாஸ்டரை, அதாவது ஒற்றைச்சுருள் பிக்கப்பை. மற்றொரு மூலவரான பீட்டர் கிரீனின் கிட்டாரில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் காந்தம் தலைமாறிக் கிடந்ததால், இரண்டு பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்கவைத்தபோது ஒலி ஒன்றையொன்று தின்று, மெலிந்து, ஏங்கும் குரலாயிற்று. பழுதென்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய அந்தக் கோளாறு இன்று பட்டியலில் தனி விலையோடு இடம்பெறுகிறது.

இவர்கள் மறைக்க விரும்பும் மற்றொரு செய்தி உரத்த ஒலி. பீனோ பதிவில் கிளாப்டன் தம் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரை, ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் முகம் சுளிக்கும் அளவுக்குக் கூட்டிவைத்தே வாசித்தார். அதன் வால்வுகளும் ஒலிபெருக்கிக் கூம்புகளும் தாங்கமுடியாமல் நெளிந்ததே அந்தத் தொனியின் பெரும்பங்கு. தொனிதேடியாரின் வீட்டிலோ பொத்தான் ஒன்றைத் தாண்டினால் மேல்தளத்திலிருந்து தட்டல் வரும். ஒன்பது மணிக்கு மேல் ஹெட்போன். மெல்லிய ஒலியில் காது கீழ்ச்சுரங்களையும் மேற்சுரங்களையும் குறைத்தே கேட்கும் என்பதால், அவருக்குக் கிடைப்பது சப்பென்ற ஒரு முணுமுணுப்பு. அதற்கான பழி பிக்கப்பின்மேல் விழுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஆடத் தெரியும், கூடத்தில்தான் ஆட அனுமதியில்லை.

ஆனாலும் புதிய பிக்கப் பொருத்திய அன்று தொனி சிறந்துவிட்டதாக அவர் சத்தியம் செய்வது பொய்யன்று. அதற்குக் காரணம் உண்டு. பிக்கப்பை மாற்றவேண்டுமானால் ஆறு தந்திகளையும் கழற்றி, பழைய இணைப்புகளை உருக்கிப் பிரித்து, புதியதைப் பற்றவைத்து, மறுபடி தந்தி கட்டவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இவ்வேலைக்கிடையில், முன்பு கேட்ட ஒலியின் நுட்பங்களை எந்தக் காதும் நினைவில் வைத்திருக்காது. கழற்றிய தந்தியைத் திரும்பக் கட்டுவது கஞ்சத்தனம் என்பதால் புதுத் தந்தி கட்டப்படுகிறது. புதுத் தந்தி எந்தக் கிட்டாரிலும் பளிச்சென்று ஒலிக்கும். தொனிதேடியார் மகிழ்கிறார், மனைவியை அழைத்து வாசித்துக் காட்டுகிறார். அந்த அம்மையார் வேறுபாடு தெரிவதாகச் சொல்வதற்குள்ள காரணங்கள் இசைசார்ந்தவை அல்ல. சில வாரங்களில் வியர்வையும் அழுக்கும் ஏறித் தந்தி மங்குகிறது. பிக்கப் தன் சுபாவத்தைக் காட்டிவிட்டதாகத் தொனிதேடியார் முடிவு செய்து, அடுத்ததற்கு ஆர்டர் கொடுக்கிறார்.

இவ்வாறு கழற்றப்பட்டவை மேசை இழுப்பறையில் தங்குவதில்லை, ஏனெனில் அடுத்ததற்கான பணம் அவற்றிலிருந்தே வரவேண்டியிருக்கிறது. 'பத்து மணி நேரமே வாசித்தது, குறை எதுவும் இல்லை, வேறு திசையில் செல்வதால் மட்டுமே விற்கப்படுகிறது' என்ற விளம்பரத்தோடு ஒவ்வொன்றும் அடுத்த ஊரிலுள்ள மற்றொரு தொனிதேடியாரிடம் போகிறது. அவர் தம்முடையதைக் கழற்றி இதே சொற்களில் விளம்பரம் செய்துவிட்டு, வந்ததைப் பற்றவைத்து, ஆறு புதுத் தந்திகளைக் கட்டி முறுக்குகிறார். எட்டாண்டுகளாகத் தேடிய தொனி இதுதான் என்று அன்றிரவே நண்பர்களுக்குத் தெரிவிக்கிறார்.