சீசர் செத்தது நான்கு பாயின்ட்டில்

பெங்களூரு விவேக் நகரில் ஷேக்ஸ்பியரைப் படிப்பதில்லை, 'முடிக்கிறார்கள்'. ஐசிஎஸ்இ பத்தாம் வகுப்பு இலக்கியத் தாளுக்கு 80 மதிப்பெண், இரண்டு மணி நேரம். இதில் ரசிப்பதற்கு யாருக்கு அவகாசம்?

டியூஷன் ஏற்பாடு கச்சிதம். சீசர் சாவது மூன்றாம் அங்கம், முதல் காட்சி. ஏன் செத்தார் என்பதற்கு நான்கு பாயின்ட், கைடில் தடித்த எழுத்தில். புரூட்டஸே வந்து தேர்வெழுதினாலும் சொந்தக் காரணத்தை எழுதி மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. கவிஞர்களின் சோகத்துக்கும் மூன்று வரிதான் அனுமதி.

ஒரு பையன் மட்டும் வழிதவறிவிட்டானாம். மூல நாடகத்தையே எடுத்துவைத்து, முதல் காட்சியில் செருப்புத் தைப்பவன் அடிக்கும் கிண்டலுக்குச் சிரித்திருக்கிறான். அம்மா பதறிப்போய், அந்த வியாழக்கிழமையே குழந்தை இயேசு ஆலயத்துக்கு இழுத்துப்போய் மெழுகுவத்தி ஏற்றினார்.

இப்போது தேவலை. கைடுக்கே சுருக்கம் கேட்கிறான்.