நடுவருக்கு வாய் முளைத்த வரலாறு

தமிழர் கூடுமிடத்தில் போட்டி ஒன்று நடவாதிருப்பதும், போட்டி நடக்குமிடத்தில் நடுவர்மீது மனத்தாங்கல் கொண்ட பெற்றோர் ஒருவரேனும் இல்லாதிருப்பதும் இதுகாறும் எவரும் கண்டறியாத அதிசயங்களாகையால், இசை, பேச்சு, நாடகம் ஆகிய மூன்றிலும் தீர்ப்பளிக்கும் நடுவர் என்னும் ஜீவனைக் குறித்து, மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் மண்டபங்களைக் களமாகக் கொண்டு, சாஸ்திரோக்தமான விசாரணை ஒன்றை நிகழ்த்துவது அவசியமென்று நமக்குத் தோன்றியது. பறவைகளையும் பாம்புகளையும் வகைப்படுத்திய அறிஞர்கள் இவரை மட்டும் விட்டுவைத்தது, அவர்களுடைய பிள்ளைகளும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த காரணத்தாலிருக்கலாம்.

ஆராய்ச்சிக்கு எட்டும் முதல் நடுவர் மதுரையில் அமர்ந்தவர். அவருக்கு வயது ஐந்து. இறையனார் அகப்பொருளுக்குப் புலவர் பலரும் உரை கண்டு, தத்தம் உரையே மெய்யுரை என்று மாறுபட்டு நின்றபோது, உப்பூரிகுடி கிழாரின் மகனான உருத்திரசன்மன் என்னும் ஊமைப் பிள்ளையே தீர்ப்பளிக்கத் தக்க காரணிகன் என்று குறிக்கப்பட்டதாக அந்நூலுரையின் முகப்பு தெரிவிக்கிறது. வெள்ளாடையும் வெண்பூவும் வெண்சாந்தும் அணிவித்து அவனைப் பலகைமேல் ஏற்றி, புலவர்கள் கீழே அமர்ந்து உரை சொன்னார்கள். பிறர் சொன்னபோது அசையாதிருந்த பிள்ளை, மருதன் இளநாகனார் சொன்னபோது சிற்சில இடங்களில் கண் கலங்கி மயிர் சிலிர்த்தது. நக்கீரர் சொன்னபோதோ ஒவ்வொரு சொல்லுக்கும் அந்நிலை எய்தியது. தீர்ப்பு முடிந்தது. மதிப்பெண் தாள் இல்லை; மணியடிப்பவர் இல்லை; எல்லாவற்றிற்கும் மேலாக, நடுவர் உரை என்பது இல்லை. வாய் பேசாத பிள்ளையிடம் போய், எம் மகனுக்கு ஏன் இரண்டு மதிப்பெண் குறைத்தீர் என்று வழக்காடுவதற்கும் வழியில்லை. இத்துறை தோன்றிய அன்றே பூரணத்துவம் பெற்றுவிட்டது என்பதும், பிற்காலத்தில் நிகழ்ந்ததெல்லாம் படிப்படியான சிதைவே என்பதும் நமது சித்தாந்தம்.

வடமொழி நாட்டிய சாஸ்திரமோ ஒருவரை நம்பாமல் பதின்மரை நியமிக்கிறது. வேள்வி அறிந்தவர், நடிகர், யாப்பு வல்லவர், இலக்கணி, அரசர், வில்லாளி, ஓவியர், கணிகை, பாடகர், அரச சேவகர் ஆகிய இவர்கள் அரங்கிற்குப் பன்னிரண்டு முழம் அப்பால் வீற்றிருக்க, எழுத்தரும் கணக்கரும் உடனிருந்து குறைநிறைகளைக் குறித்துக்கொள்ள வேண்டுமென்பது விதி. இவருள் பெரும்பாலோர் இன்றும் கிள்ளானில் குறைவின்றிக் கிடைக்கிறார்கள். இலக்கணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கிறார். கணக்கரின் வேலையைக் கால்குலேட்டர் ஏந்திய இளம் ஆசிரியை பார்க்கிறார். அரசருடைய ஆசனத்தை டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் நிரப்ப, அரச சேவகரின் ஸ்தானம் டத்தோவின் உதவியாளருக்கு உரியதாகிறது. உபசாரங்கள் முறைப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பதே பழைய சாஸ்திரம் அந்தச் சேவகருக்கு இட்ட பணியாகும். முன்வரிசைச் சோபாவில் அமரத் தக்கவர் யார், அமர்ந்துவிட்டாலும் எழத் தக்கவர் யார் என்பதை இன்றும் அவரே நிர்ணயிக்கிறார். கிடைக்காதவர் வில்லாளி ஒருவரே. நிற்கும் நிலையின் செம்மையைக் கண்டு சொல்ல அவர் இல்லாத குறையினாலேதான், பள்ளி நாடகங்களில் கட்டபொம்மன் ஓங்கும் அட்டைவாள் துரையின் மார்புக்குச் செல்லாமல் பின்திரையில் சிக்கிக்கொள்கிறது என்று கருதுகிறோம். கணிகையைக் குறித்து ஏற்பாட்டுக் குழுவிடம் பிரஸ்தாபிக்க நமக்குத் துணிவு வரவில்லை.

இந்நாட்டில் நடுவர் குலம் பல்கிப் பெருகியதற்குக் காரணங்கள் வெளிப்படை. கோ. சாரங்கபாணி 1952-இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவியபோது, கூடவே போட்டிகளும் பரவின. 1965-இல் அமைந்த மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழா வட்டாரம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக ஏறிச் செல்வதாகையால், ஒரே பதிகத்தை ஒவ்வொரு படியிலும் முதன்முறை கேட்பவர்போல் கேட்டு மகிழத் தக்க சான்றோர் பலர் தேவைப்பட்டனர். ஆயினும் நடுவருடைய நிம்மதி குலைந்ததற்குக் காரணம் வேறு. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் முயற்சியால் 1981-இல் தோன்றி, இன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் விளங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்கள், ராகமும் தாளமும் முறையாகப் பயின்ற தலைமுறை ஒன்றை உண்டாக்கிவிட்டன. அத்தலைமுறை இப்போது பெற்றோராகி, முன்வரிசையில் அமர்ந்து, தொடையில் தாளம் போட்டு நடுவரைச் சரிபார்க்கிறது. முன்பெல்லாம் இசை நடுவர் கண்ணை மூடினால் லயித்துவிட்டார் என்று சபை நம்பியது. இப்போது உறங்கிவிட்டாரோ என்று ஐயுறுகிறது.

இனி, ஊமையாய்ப் பிறந்த இப்பதவிக்கு வாய் முளைத்தது எவ்வாறு என்னும் பிரதான விஷயத்திற்கு வருவோம். கடைசிப் போட்டியாளர் வணங்கி இறங்கியபின், கணக்கர் எண்களைக் கூட்டி முடிப்பதற்குச் சிறிது நேரமே ஆகும். அதற்குள் பரிசளிக்க வேண்டிய பிரமுகர் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு வந்து சேர்ந்துவிட்டால் நடுவர் பேச வேண்டிய நிலையே எழாது. அவரோ கூட்டரசு நெடுஞ்சாலையில் அகப்பட்டிருக்கிறார். ஆகவே நடுவர் ஒலிவாங்கிமுன் நிறுத்தப்படுகிறார். இவ்வுரையின் அமைப்பை ஊன்றி நோக்கினால், அது அலங்கார சாஸ்திரத்தையன்று, சாலை வரைபடத்தையே தழுவியிருப்பது புலனாகும். பிரமுகர் பெட்டாலிங் ஜெயாவில் நிற்குமளவும் போட்டியாளர் அனைவரும் வெற்றியாளரே என்னும் பாராட்டு நடைபெறும். சுபாங்கை அடையும்போது உச்சரிப்பைக் குறித்தும், ழகரத்தின் தற்கால அவலநிலையைக் குறித்தும் பேசலாம். இந்த இடத்தில் குழுச் செயலாளர் பின்புறமாகக் குனிந்து வந்து, "ஐயா, இன்னும் கொஞ்சம் இழுங்க, ஒய்பி இப்பதான் பத்து தீகா தாண்டுறாரு" என்று பிரமுகரைக் குறித்துக் காதோடு சொல்ல, நடுவர் தமது இளமைக்காலத்துத் தோட்டத்து நாடகங்களுக்குள் புகுந்து, ஷா ஆலம் கடக்கும்வரை வெளிவராதிருப்பார். பிரிக்பீல்ட்ஸில் இத்தகைய நெடும்பயணம் இல்லையாயினும், துன் சம்பந்தன் சாலைப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடும் காலம் அக்குறையை நிவர்த்தி செய்துவிடுவதால், இருவூர் உரைகளுக்கும் நீளத்தில் பெரிய பேதமில்லை.

மீண்டும் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைப் பலகையேற்றலாமே என்று பழமை விரும்பிகள் கூறக்கூடும். அவ்வயதினர் எல்லாரும் மாறுவேடப் போட்டிக்கு முண்டாசும் மீசையுமாகப் பாரதியாராகி நிற்பதால் ஒருவரும் அகப்படார்.

தீர்ப்பின் கடுமையைப் பொறுத்தமட்டில், வேல்ஸ் நாட்டவருடைய வழக்கம் நம்மவரைத் திடுக்கிடச் செய்யும். 1176-இல் கார்டிகன் கோட்டையில் நடந்த கவி இசை விழாவைத் தங்கள் மரபின் தோற்றுவாயாகப் போற்றும் அவர்கள், தகுதியான கவிதை வரவில்லையென்று நடுவர் கருதினால், வெற்றியாளருக்குரிய நாற்காலியை எவருக்கும் கொடாமல் நிறுத்திவைக்கிறார்கள். 2013-இலும் அவ்வாறே செய்தார்கள். அத்தீர்ப்பைக் கிள்ளானில் ஒருவர் சொல்லிவிட்டுத் தம் காருக்குப் போய்ச் சேர முடியுமா என்பது சந்தேகமே. நமது மரபு முதற்பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, ஆறுதல் பரிசு என இறங்கி, பங்கேற்ற அனைவருக்கும் சான்றிதழ் என்னுமளவில் ஒருவரையும் விடாது தழுவிக்கொள்கிறது. இருவர் சமமாக நின்றால் பரிசுக் கொடியை இருவருக்குமே அளிக்கலாம் என்று நாட்டிய சாஸ்திரம் அனுமதிக்கிறதாயினும், சுழற்கிண்ணம் ஒன்றே வாங்கியிருப்பதால் அதன்படி ஒழுகுவது எளிதன்று. ஜனவரி முதல் ஜூன்வரை ஒரு பள்ளியிலும், ஜூலை முதல் டிசம்பர்வரை மற்றப் பள்ளியிலும் கிண்ணம் இருக்கட்டும் என்று முடிவாகிறது. முதலில் எடுத்துச் செல்வது யார் என்பதற்கு நாணயம் சுண்டப்படுகிறது. சுண்டுபவர் நடுவரல்லர், டத்தோ.